பசுமையும் பச்சைக் களிம்பும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கச்சான் காற்று ஓய்ந்த ஒரு புரட்டாசி ஞாயிறு. தெருமுனைக் கம்பத்திலிருந்து இறக்கிய எல்இடி விளக்கைத் திண்ணையில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூடிக்கு நான்கு ஸ்க்ரூ. மூன்றில் ஸ்க்ரூடிரைவர் நிற்கவே இல்லை, தலை துருவாக உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. நான்காவதை உளி வைத்துத் தட்டி உடைத்தேன்.

உள்ளே கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளையாக ஒரு பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சில்லுகளுக்கு மின்சாரத்தைப் பதமாக்கிக் கொடுக்கும் டிரைவர் போர்டில் செம்பு ஓடிய இடமெல்லாம் பச்சைக் களிம்பு, ஒரு வருஷம் துலக்காமல் மூலையில் போட்ட குத்துவிளக்கு மாதிரி. கப்பாசிட்டர் தலை உப்பி நின்றது. சரி, வெளிச்சம் தரும் எல்இடி சில்லுகளாவது உயிரோடு இருக்கிறதா என்று வேறொரு டிரைவரை எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தாறு சில்லும் பளிச்சென்று எரிந்தன.

மாமா அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார். அம்மாவின் தம்பி, கொத்தனார். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு நூல் பிடித்தவர்.

“என்ன மாப்ள, பசுமை விளக்குன்னு மாட்டுனாங்க, இப்ப நெசமாவே பச்சையாப் போச்சு?”

அந்த விளக்கு வந்த அட்டைப்பெட்டி எனக்கு நினைவிருக்கிறது. மாட்டிய நாலு பேரில் நானும் ஒருவன். பெட்டி மேல் ஒரு இலை படம், பக்கத்தில் ‘ஆயுள் 50,000 மணி நேரம்’ என்று எழுத்து. ராத்திரிக்கு 12 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 4,380 மணி. பெட்டிக் கணக்குப்படி பதினொரு வருஷம் தாண்ட வேண்டும். எங்கள் தெருவில் அது 26 மாதம் எரிந்தது.

நான் இருபது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. ‘குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்கு’, ‘நிலைத்து நிற்கும் கட்டுமானம்’ என்று யாராவது மேடையில் பேசினால், எனக்கு அந்த டிரைவர் போர்டுதான் ஞாபகம் வரும். எங்கள் கரையில் பொருளுக்குச் சான்றிதழ் கொடுப்பது கச்சான்தான். சித்திரையில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் விடாமல் அடிக்கிற காற்று, ஒரு ஜன்னல் கம்பியைக்கூட விட்டுவைப்பதில்லை.

விளக்குக்குள் உப்பு போனது எப்படி என்பது கொஞ்சம் சுவாரசியமான விஷயம். ராத்திரி முழுக்க எரிகிற விளக்கு சூடாகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ரப்பர் விளிம்பின் சந்துகளில் வெளியேறுகிறது. விடியற்காலையில் அணைந்ததும் குளிர்கிறது. அப்போது உள்ளே வெற்றிடம் மாதிரி ஆகி, வெளியே இருக்கும் ஈரக்காற்றை இழுக்கிறது. எங்கள் ஊர் விடியற்காலைக் காற்றில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, தினம் ஒரு மூச்சு உப்பை அந்த விளக்கு உள்ளே இழுத்திருக்கிறது. தண்ணீர் புகாது என்று ‘ஐபி 65’ முத்திரை குத்தியிருந்தார்கள். அது பொய்யில்லை. தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்துத்தான் அந்தச் சோதனை செய்கிறார்கள். இரண்டு வருஷம் மூச்சு விட வைத்துப் பார்ப்பதில்லை. ஸ்க்ரூ கதை வேறு. அலுமினிய உடம்பில் சாதா இரும்பு ஸ்க்ரூவைப் போட்டு மேலே உப்பு ஈரத்தையும் ஊற்றினால், அது ஒரு சின்ன பேட்டரி. ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் அரிபடும், இரும்பும் தன் பங்குக்குத் துருப்பிடிக்கும்.

நான் எல்இடிக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் வீட்டுக்கு வீடு குண்டு பல்பு. 60 வாட் எடுத்துக்கொண்டு அதில் பெரும்பகுதியைச் சூடாக ஊரில் விடும். சோக்கு வைத்த 40 வாட் டியூப்லைட் என்றால் சோக்கு தின்பதையும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் போகும், இப்போது அதே வெளிச்சத்துக்கு 20 வாட் போதும். 2015 ஜனவரியில், எல்இடி பல்பை மலிவாகக் கொடுக்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் 310 ரூபாய்க்கு அரசு கொள்முதல் செய்த எல்இடி பல்பு, மொத்தமாக வாங்க வாங்க 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கையில் காசு புரளாத வீடுகளிலும் குண்டு பல்பு கழன்றது. நானே எத்தனையோ கழற்றியிருக்கிறேன். அதெல்லாம் வீட்டுக்குள். உள்ளே மாட்டிய எல்இடி ஏழெட்டு வருஷம் ஓடுகிறது. பிரச்சினை வெளியே வந்ததும் ஆரம்பிக்கிறது.

சோலார் தெருவிளக்கும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்தில் கமுதிப் பக்கம் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஒரே இடத்தில் இருப்பதில் அப்போது உலகத்திலேயே பெரியது என்றார்கள். வெயில் எங்களுக்குப் பஞ்சமே இல்லை. அதே வெயிலை நம்பிக் கடற்கரையில் நட்ட சோலார் விளக்குகளில் பாதி, நான் பார்க்கப் போகும்போது வெறும் கம்பம். பேனல் மேல் உப்புப் படலம், அதன் மேல் காக்கை எச்சம். கம்பத்து உச்சியில் பெட்டிக்குள் வெந்துபோன பேட்டரி. கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை. கமுதியில் பேனல் துடைக்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இங்கே ஏணி எடுத்துக்கொண்டு ஏற ஒரு ஆளுக்குக்கூட யாரும் சம்பளம் ஒதுக்கவில்லை. கம்பம் நடுவதற்குப் பணம் இருக்கும், துடைப்பதற்கு இருக்காது.

அப்புறம் வீட்டுக் கதை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2007-ல் அப்பா முன் பக்கம் ஒரு கான்கிரீட் அறை கட்டினார். சுனாமிக்கப்புறம் ஓட்டு வீடு, ஓலை வீடு என்றாலே எல்லாருக்கும் பயம். கட்டியது மாமாதான். பதினாறு வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மழை ராத்திரி, உத்தரத்துக்குப் பக்கத்தில் தாம்பாளம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. தங்கச்சி பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்த ராத்திரி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

விடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கம்பி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பனைவெல்லத்தைப் பிட்டது மாதிரி அடுக்கடுக்காகத் துரு. கீழே விழுந்த சில்லைத் திருப்பி, கம்பி படுத்திருந்த தடத்திலிருந்து வெளிப்பூச்சு வரைக்கும் டேப் வைத்தேன். 12 மில்லிமீட்டர்.

கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456. அதில் கடற்கரைக் காற்று படும் கட்டடத்தைக் ‘கடுமையான சூழல்’ என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற சின்னக் கட்டைதான் கவர் பிளாக். அலை தெறிக்கிற இடம் என்றால் 50. சும்மா போட்ட எண் இல்லை. சிமென்டின் காரத்தன்மை கம்பி மேல் மெல்லிசாக ஒரு காப்பை உண்டாக்கி வைக்கும், அது இருக்கும்வரை துரு பிடிக்காது. காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண் துளைகள் வழியாக வருஷக்கணக்கில் ஊறி ஊறி உள்ளே போகிறது. கம்பியைத் தொட்ட நாளில் அந்தக் காப்பு உடைகிறது. துருவாக மாறிய இரும்பு, பழைய அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். சில நேரம் ஆறு மடங்குகூட. கான்கிரீட்டுக்கு நெகிழத் தெரியாது, வெடித்துவிடுகிறது. 45 மில்லிமீட்டர் ஊறுவதற்கு ஆகிற காலமும் 12 மில்லிமீட்டர் ஊறுவதற்கு ஆகிற காலமும் ஒன்றில்லை.

மாமாவிடம் சில்லைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப கவர் பிளாக்கெல்லாம் யாரு கண்டா மாப்ள? ஜல்லியை ஒண்ணு ரெண்டு கம்பிக்கு அடியில சொருகுவோம், அம்புட்டுத்தான். ஊரு பூரா அப்படித்தான்.”

“தண்ணி எது மாமா ஊத்துனீங்க?”

“நம்ம கெணத்துத் தண்ணிதான். குடிக்கிற தண்ணியே அப்ப வாரத்துல ரெண்டு நாள்தான் வந்துச்சு. அத ஜல்லி கலக்க ஊத்துனா உங்க ஆத்தா என்னைய வெட்டிப்போட்டுருக்கும்.”

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதை ஊற்றித்தான் கான்கிரீட் கலந்திருக்கிறோம். உப்பு வெளியிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் நாங்களே உள்ளே வைத்துப் பூசியிருக்கிறோம். மாமா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துக் கொடுத்தவனே நான்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அறைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அப்பத்தாவின் கூடத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. இரண்டடிக் கனச் சுவர், சுண்ணாம்புக் காரை, கூரைக்குப் பனங்கை என்கிற பனைமரச் சட்டம், மேலே நாட்டு ஓடு. தாத்தா காலத்துக்கும் முந்தியது. அதில் இரும்பு என்று கதவுக் கீல் மட்டும்தான். துருப்பிடிக்க ஒன்றும் இல்லாத சுவரை உப்பு என்ன செய்யும்? பொரிய வைக்கும், வெள்ளை பூக்கும், வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பு அடித்தால் போதும். கூடத்துக்கு நடுவில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. பகலில் அங்கே விளக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. உள்ளங்கை அகல வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். அது அம்மி மேல் ஏறினால் உலை வைக்கிற நேரம் என்பாள் அப்பத்தா. முன் பக்கத்துக் கான்கிரீட் அறையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் எரியும். நான் வயரிங் செய்த அறைதான். ஜன்னலை இன்னும் ஒரு அடி உயர்த்தி வைத்திருந்தால் அந்த டியூப்லைட்டே வேண்டாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தனுஷ்கோடி போகிறவர்கள் அந்தப் பழைய தேவாலயச் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அடுத்த தடவை கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள். தேன்கூடு மாதிரி, சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி அச்சுகள் தெரியும். அது பவளப்பாறை. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் ஊரையே கொண்டுபோனது, ரயிலோடு சேர்த்து. கூரை போன பிறகும் அந்தச் சுவர்களில் சில இன்னும் நிற்கின்றன. அப்பத்தாவின் கூடத்துச் சுவரும் அதே கல்தான்.

இந்த இடத்தில் ‘பார்த்தீர்களா, முன்னோர்கள்!’ என்று முடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் நிறையப் பேர் முடிக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. அந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தோம்? மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றியிருந்த பாரிலிருந்து, அதாவது கடலடிப் பவளத் திட்டிலிருந்து, வெட்டி எடுத்தோம். வீடு கட்டினோம், மிச்சத்தைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினோம். வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளத்தை வெட்டியெடுத்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பார் இருந்தால் அலை அதில் மோதி உடையும். பார் போனால் அலை நேரே மண்ணில் வந்து மோதும். 1986-ல் தேசியப் பூங்கா ஆனது, 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கரைந்துகொண்டிருந்த வான்தீவைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து கடலில் இறக்கினார்கள். பவளத்தை எடுத்து வீடு கட்டிய கரையில், இப்போது சிமென்டை எடுத்துப்போய்க் கடலில் வைக்கிறோம். அப்பத்தாவின் கூடம் எனக்கு உயிர். ஆனால் அது கடலிடம் கடன் வாங்கிக் கட்டிய கூடம், அப்படி இன்னொன்றை இனிமேல் கட்டக் கூடாது.

சரி, முன் அறையை என்ன செய்வது? மேல் தளத்தை இடித்துத்தான் ஆக வேண்டும் என்று ஆனது. மறுபடியும் கான்கிரீட்டா என்று நான் யோசித்தேன். சிமென்ட் செய்வதற்குச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். எரிபொருளின் புகை ஒரு பக்கம், கல்லே விடுகிற கரியமில வாயு ஒரு பக்கம். உலகம் விடும் கரியமிலத்தில் 7, 8 சதவீதம் சிமென்டால் மட்டும். அவ்வளவு செலவு செய்து உண்டாக்கிய தளம் பதினாறு வருஷத்தில் கட்டில் மேல் விழுந்தால் அதை என்ன கணக்கில் எழுதுவது?

பழைய வீட்டுச் சாமான் வாங்குவது என்று முடிவு செய்தேன். காரைக்குடியில் இதற்கென்றே கடைகள் உண்டு, ஆனால் அங்கே விலை வெளியூர் ஹோட்டல்காரர்களுக்கானது. தேவிப்பட்டினம் பக்கம் ஒரு வீடு பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். வைரம் பாய்ந்த பனங்கைகள், கறுப்பாக, தட்டினால் இரும்புச் சத்தம். மாமா ஒவ்வொன்றையும் ஆணியால் குத்திப் பார்த்தார், முனை இறங்கியதைத் தள்ளி வைத்தார். இருபத்திரண்டு தேறியது. புதிதாகப் பனை வெட்ட வேண்டும் என்றால் இப்போது கலெக்டரின் அனுமதி வேண்டும். வெட்டக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். நிற்கிற பனைக்கு ஓலை இருக்கிறது, நுங்கு இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது.

சண்டை வீட்டில்தான். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

“ஊரே மச்சு கட்டுது. நீ இருந்த மச்சை இடிச்சுப்புட்டு ஓடு போடுறியா? பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?”

பொண்ணு பார்க்க வருவது தம்பிக்கு. நியாயமான கேள்விதான். அதைவிட நியாயமான கேள்வியை அவள் மறுநாள் கேட்டாள். “கருவாடு எங்கடா காயப்போடுறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மொட்டை மாடி என்பது எங்கள் ஊரில் கருவாட்டுக்கும் வத்தலுக்கும் நெல்லுக்கும் உள்ள இடம், சோலார் பேனல் எல்லாம் பிறகு வந்தது. கடைசியில் சமையல்கட்டுக்கு மேல் பத்துக்கு எட்டு அடி மட்டும் தளம் போடுவது, மற்றதெல்லாம் ஓடு என்று ஒத்துக்கொண்டோம். அந்தச் சின்னத் தளத்துக்கு நான் பிடிவாதமாக மூன்று விஷயம் கேட்டேன். இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமென்ட். அது உப்பை அவ்வளவு சுலபமாக ஊற விடாது, சுட்ட சிமென்டின் பங்கும் அதில் குறைவு. காவிரித் தண்ணீர், லாரியில். கம்பிக்கு அடியில் 45 மில்லிமீட்டர் கவர் பிளாக். “இம்புட்டு ஒசரமா? கம்பி அந்தரத்துல நிக்குதே”, “தளம் கனமாயிருமே” என்று மாமா சாயங்காலம் வரைக்கும் புலம்பினார். ஆனால் ஒவ்வொரு பிளாக்கையும் தானே குனிந்து கட்டுக்கம்பியால் கட்டினார், கையாளை விடவில்லை.

புதிதாக எழுப்பிய ஒரு சுவருக்குச் சாம்பல் கல். தூத்துக்குடி அனல்மின் நிலையப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது, சூளையில் சுட வேண்டாம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒழுங்காக நனைத்துக் கட்டினால் ஒழுங்காக நிற்கிறது.

பூச்சுக்குச் சுண்ணாம்பு என்றதும் மாமாவின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷமாக அவர் சுண்ணாம்பு தொட்டதில்லை. உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல்தான், கடல்கல் இல்லை. தொட்டியில் தண்ணீர் விட்டுச் சுட்ட கல்லைப் போட்டதும் சோற்றுப்பானை கொதிக்கிற மாதிரி களகளவென்று கொதித்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். மூன்று வாரம் ஊறவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்தார். வெண்ணெய் மாதிரி வந்தது. சுண்ணாம்பும் சூளையில் வெந்து கரியமிலம் விட்ட பொருள்தான், ஆனால் சுவரில் ஏறியபின் காற்றிலிருந்து அதில் ஒரு பங்கை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் இறுகுகிறது. அதை மாமாவிடம் விளக்கினேன். “அதான் அவசரப்படக் கூடாதுங்குறது” என்றார், ஏதோ அவருக்கு முன்பே தெரிந்த மாதிரி. கருப்பட்டி வாசத்துக்கு ஒரு வாரம் சுவரெல்லாம் எறும்பு.

ஓட்டுக்கூரையில் மூன்று கண்ணாடி ஓடு வைத்தோம். பகலில் அந்த அறையில் ஸ்விட்ச் பக்கமே யாரும் போவதில்லை. குறையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஒரு மூலையில் ஒழுகுகிறது. பூனை ஏறினால் ஓடு நகர்கிறது. பெரிய புயல் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அம்மாவுக்கு மட்டும் இல்லை, எனக்கும் உண்டு. ஓரத்து ஓடுகளைக் காரை வைத்துக் கட்டியிருக்கிறோம்.

வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோதே கடற்கரை விளக்குப் பேச்சும் வந்தது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு ஹைமாஸ்ட், அதாவது உயரக் கம்பத்தில் கொத்தாக விளக்குகள். அத்தனையும் வெள்ளை வெளிச்சம், பாதி கடலைப் பார்த்து. எல்இடி கொடுக்கிற வெள்ளை என்பது உண்மையில் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசி உண்டாக்குவது. அந்த நீலச் சில்லைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014-ல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அந்த நீலம் நமக்குப் பளிச்சென்று இருக்கிறது, பங்குனி ஆமைக்குஞ்சுக்கு எமன். தை முதல் பங்குனி வரை எங்கள் கரையில் ஆமை ஏறி முட்டை வைக்கும். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைப் பக்கம் வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மண்ணைக் கிளறி ராத்திரியில் வெளியே வரும் குஞ்சு, தாழ்வானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நடக்கும். ஆதிகாலமாக அது கடல் பக்கம்தான். இப்போது டீக்கடைப் பக்கம். மஞ்சளும் சிவப்புமான வெளிச்சம் அதன் கண்ணை அவ்வளவாக இழுப்பதில்லை. ஆகவே கடற்கரை விளக்கெல்லாம் மஞ்சளாக, தாழ்வாக, தொப்பி போட்டு என்று நான் ஏலத் திடலில் பேசினேன். படித்துவிட்டுப் போன தைரியம்.

மீன் நிறுக்கும் அக்கா ஒருவர் முடிக்க விடவில்லை. ஒரு பாறை மீனை எடுத்துச் செவுளைப் பிளந்து என் மூஞ்சிக்கு நேராகக் காட்டினார்.

“தம்பி, இது செவப்பா கறுப்பான்னு மஞ்ச வெளக்குல சொல்லு பாப்போம். அந்தக் காலத்துச் சோடியம் லைட்டுல பூரா மீனும் ஒரே நெறந்தான். நேத்து மீனை இன்னைக்கு மீன்னு தள்ளிவிட்டுப் போவான் யாவாரி. நட்டம் யாருக்கு?”

வெளிச்சத்தின் அளவைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன், நிறத்தைப் பற்றி யோசித்ததில்லை. விடிகாலை நாலு மணிக்கு ஒரு பெண்ணின் அன்றாடக் கூலி, செவுளின் சிவப்பு சரியாகத் தெரிவதில் இருக்கிறது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ரெண்டு நாள் கழித்து மறுபடி போனேன். ஏலக் கொட்டகைக்குள் கூரைக்கடியில் 20 வாட் வெள்ளை டியூப் நான்கு, நிறம் ஒழுங்காகக் காட்டும் ரகம், ஏலம் முடிந்ததும் அந்த அக்காவே அணைக்கிற மாதிரி ஸ்விட்ச். வெளியே பாதைக்கு மஞ்சள், முழங்கால் உயரத்துக் குட்டிக் கம்பங்கள். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஹைமாஸ்ட்டை அணைக்க ஒத்துக்கொள்ளவில்லை. வத்தைகள், அதாவது நாட்டுப்படகுகள், கரை திரும்பும்போது அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். கடல் பக்கம் பார்த்த விளக்குகளில் இரண்டுக்கு மட்டும் தகரத்தில் தொப்பி அடித்து மாட்டினேன். அதுவும் கச்சானுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

அங்கே இருந்த ஒரு வயசாளி சிரித்துக்கொண்டே சொன்னார், “கடலுக்குள்ள எல்இடி போட்டு மீன் புடிக்கக் கூடாதுங்குறாங்க. கரையில எல்இடி போடுங்கன்னு காசு தர்றாங்க.” உண்மைதான். 2017 நவம்பரில் மத்திய அரசு விளக்கு வைத்து மீன் பிடிப்பதைத் தடை செய்தது. பெரிய படகில் ஜெனரேட்டர் வைத்து வெளிச்சம் போட்டால் கணவாய் முதல் குஞ்சு மீன் வரை கூட்டமாக வந்து மாட்டும், நாட்டுப்படகுக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. மின்சாரம் குறைவாகக் குடிக்கிற விளக்கு என்பதாலேயே அவ்வளவு வெளிச்சத்தைப் படகில் ஏற்றுவது சுலபமாகிவிட்டது. அந்தக் கோணத்தில் நான் அதுவரை எல்இடியைப் பார்த்ததில்லை.

புரட்டாசியில் பிரித்த அந்தத் தெருவிளக்கைத் தூக்கிப் போடவில்லை. புது டிரைவர் வாங்கி, போர்டு மேல் வார்னிஷ் மாதிரி வரும் ஈரக்காப்புப் பூச்சை இரண்டு தடவை அடித்துக் காயவைத்தேன். காற்றைப் போக வர விட்டு, தண்ணீரையும் உப்பையும் வெளியிலேயே நிறுத்துகிற சின்ன வென்ட் மூடி ஒன்று கிடைக்கிறது, அதைப் பின்பக்கம் துளை போட்டு மாட்டினேன். உடைந்த நான்கு ஸ்க்ரூவுக்குப் பதில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு, கிரீஸ் தடவி. 316 நாலு வாங்கப் போனால் கடையில் மூன்றுதான் இருந்தது, நாலாவது 304, உப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்குகிற ரகம். கூடுதல் செலவு மொத்தம் ஒரு பிரியாணிக் காசு. செய்கூலி நான் கேட்கவில்லை, பஞ்சாயத்தும் கொடுக்கவில்லை.

போன மாதம் ஏணி போட்டு ஏறி மறுபடி திறந்து பார்த்தேன். இரண்டு கச்சான் பார்த்துவிட்டது. போர்டு சுத்தம், கண்ணாடியில் பொடி இல்லை. அந்த 304 ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது, தலையில் துருக் கறை. சட்டைப்பையில் ஒரு 316 எடுத்துக்கொண்டுதான் ஏறியிருந்தேன். மாற்றினேன், மூடினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா, “அடுத்த கம்பத்துக்குத் தூக்கவா?” என்றார்.